கை சிவப்பது கணவனால் அல்ல

கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கையிலிருந்து மருதாணி உதிர்ந்ததும், சுற்றியிருப்பவர்கள் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். கருஞ்சிவப்பாக ஏறியிருந்தால், "மாப்பிள்ளை உம்மேல உயிரா இருப்பார்டி" என்று ஒரு குரல் எழும். ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிட்டால் அதே குரல் கொஞ்சம் தயங்கும். "பரவாயில்ல, நாளைக்கு ஏறிடும்" என்று பெரியம்மா ஒருத்தி சமாதானம் சொல்வாள். அதற்குள் பெண்ணின் முகம் வாடியிருக்கும். கோன் விளம்பரத்திலும், மேக்கப் போடுபவர்களின் ரீல்ஸிலும், பத்திரிகைகளின் கல்யாணச் சிறப்பிதழ்களிலும் இதே பேச்சுதான். மருதாணி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு கணவனின் அன்பு.

விளையாட்டுக்குச் சொல்வதுதானே என்கிறார்கள். விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒரு பெண்ணின் கையில் ஏறும் நிறத்துக்கு ஓர் ஆணைச் சொந்தக்காரனாக்கும் பேச்சு இது. அவன் வருவதற்கு முன்பே அந்த நிறம் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. அவன் இறந்துபோனால் அவள் கையை விட்டுப் போய்விட வேண்டும் என்றாகிறது. கல்யாணப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பதும், கணவனை இழந்தவளின் கையை மருதாணிக் கிண்ணத்தின் பக்கமே வரவிடாமல் வைப்பதும் ஒரே நம்பிக்கையின் இரண்டு முனைகள். ஒரு முனையை வேடிக்கை என்று வைத்துக்கொண்டு மறுமுனையை மட்டும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது.

முதலில் இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. உலர்ந்த இலையின் எடையில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம். இலையை மை போல அரைத்து, கொஞ்சம் புளிப்பும் ஈரமும் சேரும்போது அது வெளியே வருகிறது. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நம் பாட்டிமார் இலையோடு புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தது இதற்காகத்தான். அவர்களுக்கு வேதியியல் தெரியாது. எது சேர்த்தால் பிடிக்கும் என்பது கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோலின் மேலடுக்கு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமனாக இருப்பதால் அங்கே கருஞ்சிவப்பாக ஏறுகிறது. மணிக்கட்டைத் தாண்டியதும் வெளுக்கிறது. ஒரே பெண்ணின் ஒரே கையில், ஒரே இரவில் வைத்த மருதாணி உள்ளங்கையில் ஒரு நிறம், முன்கையில் ஒரு நிறம். கணவனின் அன்பு மணிக்கட்டோடு நின்றுவிட்டதா?

இன்னொன்று உண்டு. மருதாணியை எடுத்தவுடன் தெரிவது ஆரஞ்சு நிறம்தான். காற்றுப் பட்டு, சாயம் மெல்ல மாறி, ஒன்றிலிருந்து இரண்டு நாளில்தான் முழு நிறம் வரும். விவரம் தெரிந்தவர்கள் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே வைத்துவிடுவதும், எடுத்தபின் தண்ணீர் படாமல் தேங்காய் எண்ணெய் தடவுவதும் இதனால்தான். முதல் நாள் இரவு வைத்து மறுநாள் காலை கையைத் திருப்பித் தீர்ப்புச் சொல்கிறவர்கள், சாயம் தன் வேலையை முடிப்பதற்கு முன்பே பெண்ணின் வாழ்க்கைக்கு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள்.

அன்புக் கணக்கு பொய் என்பது நம் வீடுகளுக்கும் தெரியும். ஆடி மாதத்தில் தெருக்கோடி வேலியிலிருந்து உருவி வந்த இலையைப் பெண் குழந்தைக்கும் வைப்போம், அழுது அடம்பிடித்தால் ஆண் குழந்தைக்கும் வைப்போம். காலையில் பையன் கை ரத்தமாகச் சிவந்திருந்தால், "இவனுக்கு வரப்போறவ பாசமா இருப்பா" என்று யாரும் சொல்வதில்லை. "பித்த உடம்பு, அதான் இப்படி ஏறியிருக்கு" என்கிறோம். அதே சிவப்பு, அதே இலை, அதே இரவு. பையனுக்கு அது உடம்பின் குணம். பெண்ணுக்கு வரப்போகிறவனின் குணம். உடம்புச் சூடு கூடுதலாக இருந்தால் நிறம் நன்றாகப் பிடிக்கும் என்ற அளவில் பித்தக் கதையிலாவது கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெண்ணுக்கு அந்தச் சிறு உண்மையைக்கூட நாம் கொடுப்பதில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ஒரு வீட்டுப் பெண்களின் கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பதினாறு வயதுப் பெண்ணின் கை நன்றாகச் சிவந்திருக்கும். அவள் சாப்பிட்டதும் வைத்துக்கொண்டு தூங்கிப்போனவள். அவளுடைய அம்மாவின் கை வெளிறியிருக்கும். அம்மா எல்லாருக்கும் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போட்டு, கிண்ணத்தின் அடியில் ஒட்டியதை வழித்து நடு உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல்களுக்குத் தொப்பியும் வைத்துக்கொண்டு படுத்தவள். விடியுமுன்னே எழுந்து எண்ணெய் காய்ச்ச வேண்டும் என்று மூன்று மணிக்கே கழுவிவிட்டாள். லாசோனுக்கு வேண்டியது நேரம். ஆறேழு மணி நேரம் அசையாமல் கிடந்த கைக்கும், மூன்று மணி நேரம் கிடைத்த கைக்கும் உள்ள வித்தியாசம் அந்த நிறத்தில் தெரிகிறது. மருதாணிச் சிவப்பு எதையாவது அளக்கிறது என்றால், அந்தக் கை எத்தனை மணி நேரம் வேலை செய்யாமல் இருக்க விடப்பட்டது என்பதைத்தான் அளக்கிறது. அம்மாவின் கையைப் பார்த்து அப்பாவின் அன்பைப் பேசுகிறவர்கள் அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று கேட்கட்டும்.

மருதாணி நமக்கு இவ்வளவு பிடித்ததற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மருதாணி வைத்த கை எதையும் செய்ய முடியாத கை. மூக்கு அரித்தால் இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். முடி கண்ணில் விழுந்தால் தங்கைதான் ஒதுக்கிவிட வேண்டும். பசித்தால் அம்மா ரசம் சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள். ஏழு கழுதை வயசாகியும் ஊட்டிக்கொள்ளும் இரவு அது ஒன்றுதான். விரல்களில் தொப்பி வைத்து, நடுவில் வட்டம் வைத்து, சுற்றிப் புள்ளி வைத்து, காய்ந்து விழாமல் பழைய வேட்டித் துணியைச் சுற்றி முடிச்சுப் போடுகிறவள் ஒரு பெண். அந்த முடிச்சை மறுநாள் அவிழ்ப்பவளும் பெண். இலையின் பச்சை வாசனை தலையணையில் ஏறி, அடுத்த பத்து நாள் சோற்றைப் பிசையும்போதெல்லாம் விரலிலிருந்து மெல்ல வீசும். இந்த முழுச் சடங்கிலும் கணவன் எங்கே இருக்கிறான்? திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். அம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டு அண்ணியும் சேர்ந்து செய்த ஒன்றை, அங்கே இல்லாத ஒருவனின் பெயரில் எழுதிவைப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

துருக்கியில் கல்யாணத்துக்கு முந்தைய மருதாணி இரவில் மணப்பெண்ணைச் சுற்றி நின்று, அவள் அழும்வரை பிரிவுப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். அம்மாவை விட்டுப் போகும் துயரம்தான் அந்த இரவின் பொருள். அங்கே மருதாணி படையில் சேரப் போகும் இளைஞனின் கைக்கும் உண்டு. பலிக்குப் போகும் ஆட்டுக்கடாவுக்கும் உண்டு. சூடானில் மாப்பிள்ளையின் கைகால்களிலும் கருக்கக் கருக்க வைக்கிறார்கள். 2024 டிசம்பரில் 16 அரபு நாடுகள் சேர்ந்து கேட்டுக்கொண்டதன்பேரில் யுனெஸ்கோ மருதாணி மரபை மானுடத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, பிறப்பிலிருந்து இறப்புவரை மனித வாழ்வோடு வரும் பழக்கமாகத்தான் அதைச் சொன்னார்கள். இவ்வளவு அகலமான ஒன்றைத்தான் ஒரு கணவனின் பாசம் என்று நாம் சுருக்கி வைத்திருக்கிறோம்.

இந்தச் சுருக்கலுக்கு உடம்பும் விலை கொடுக்கிறது. சிவப்பு குறைந்தால் பேச்சு வரும் என்ற பயம் இருக்கும்வரை, எப்படியாவது கருக்க வைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம்தான் பெண் போவாள். ராஜஸ்தானின் சோஜத்தில் விளைந்து, 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல இலைத்தூள் இருக்கிறது. ஆனால் அதுவும் அரை மணி நேரத்தில் கறுப்பாக ஏறாது; எந்த மருதாணியும் ஏறாது. அப்படி ஏறுகிற 'கறுப்பு மருதாணி'யில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தலைச்சாயத்தில் 2 சதவீதத்துக்கு மிகாமல்தான் அனுமதிக்கிறது. தோலில் வரையவே கூடாது. ஒத்துக்கொள்ளாத கையில் பூவும் கொடியும் வரைந்த கோட்டின் மேலேயே கொப்புளம் எழும்பும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுள் முழுக்க அந்தப் பொருளை உடம்பு ஏற்காது. பின்னாளில் தலைக்குச் சாயம் அடித்தால் முகம் வீங்கும். வியாபாரிகளைக் குறை சொல்வது நியாயம்தான். ஆனால் அந்தக் கோனை வாங்க வைத்தது, கல்யாண மண்டபத்தில் கையைத் திருப்பிப் பார்க்கிற நம் பழக்கம்.

இனி மறுமுனைக்கு வருகிறேன்.

என் அத்தை ஒருத்தி முப்பது வயதுக்குள் கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். தீபாவளிக்கு முதல்நாள் மருதாணி அரைப்பது அவளுடைய வேலை. அம்மியில் இலையைக் குவித்து, நசுக்கிய கொட்டைப்பாக்கையும் சுண்டைக்காய் அளவு புளியையும் சேர்த்து, குழவியை முன்னும் பின்னும் தள்ளி, ஓரத்துக்குப் போனதைக் கையால் வழித்து நடுவில் போட்டு, மறுபடியும் அரைப்பாள். ஒரு நரம்பு தட்டுப்பட்டாலும் விடமாட்டாள். அரைத்து முடிக்கும்போது அவள் வலது உள்ளங்கையும் விரல் இடுக்குகளும் சிவந்திருக்கும். வட்டமும் இருக்காது, தொப்பியும் இருக்காது; வழித்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக. "உங்களுக்கும் வச்சு விடவா அத்தை?" என்று கேட்டால், "எனக்கெதுக்குடி இதெல்லாம்? நீ கையை ஆட்டாம படு" என்பாள். அந்தச் சிவந்த கையோடு அடுத்த பத்து நாள் எங்களுக்குப் பரிமாறினாள். வீட்டுக்கு வந்த எந்தப் பெரியவரும் அந்தக் கையைப் பார்த்து ஆட்சேபிக்கவில்லை. வேலை செய்ததால் சிவந்த கைக்குத் தடை இல்லை. அவளாக ஆசைப்பட்டு ஒரு வட்டம் வைத்துக்கொண்டிருந்தால் மட்டும் ஊர் வாய் திறந்திருக்கும்.

நகச்சுற்று வந்தால் அவளும் மருதாணி அரைத்துக் கட்டலாம், அது மருந்து. நரைத்த தலையில் பூசிக்கொள்ளலாம், அது குளிர்ச்சி. ஆக, இலைக்குத் தடை கிடையாது, சாயத்துக்குத் தடை கிடையாது, அவள் கை சிவப்பதற்கே தடை கிடையாது. அவள் சந்தோஷத்துக்காக அதைச் செய்துகொள்வதற்குத்தான் தடை. சிவப்பு என்பது கணவனின் அன்பு என்று சொல்லி வைத்திருப்பதன் தவிர்க்க முடியாத முடிவு இது. அன்பு செலுத்த ஆள் இல்லாத கைக்குச் சிவப்பு எதற்கு என்ற கேள்வியை, கல்யாணப் பெண்ணிடம் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் உள்ளே வைத்திருக்கிறது.

மருதாணி மங்கலப் பொருள், அதனால்தான் இந்த வரைமுறை என்பார்கள். ஐந்து வயதில் அவளுக்கு வைத்தோமே, அப்போது எந்தக் கணவன் இருந்தான்? பூவும் பொட்டும் போல மருதாணியும் அவள் பிறந்த வீட்டில் பெற்றது. தாலி கட்டியவன் கொண்டு வராததை அவன் போகும்போது ஏன் எடுத்துக்கொண்டு போக வேண்டும்? மரபு என்று பேசுகிறவர்கள் நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லும் கதையையே எடுத்துக்கொள்ளட்டும். அசோகவனத்தில் சீதை தன் துயரத்தையெல்லாம் மருதாணிச் செடியிடம் சொல்லி அழுதாளாம். செடி அவளுக்காக வாடியதாம். மீட்கப்பட்டபின் என்ன வரம் வேண்டும் என்று அவள் கேட்க, உன் முகத்தில் இப்போது இருக்கும் சந்தோஷம் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கட்டும் என்று அது கேட்டதாம். அந்தக் கதையில் மருதாணி துணை நின்றது யாருக்கு? கணவன் அருகில் இல்லாமல் தனியாக இருந்த ஒருத்திக்கு. வரத்தில் சுமங்கலிக்கு மட்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அதைச் சேர்த்தது நாம்.

அறிவியல் பேசி ஆதரிப்பவர்கள் இன்னொரு வகை. மருதாணி உடம்பைக் குளிர்விக்கும், கல்யாணப் பரபரப்பில் இருக்கும் பெண்ணின் மனதை அமைதிப்படுத்தும், முன்னோர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை என்கிறார்கள். அப்படியே இருக்கட்டும். மனம் அமைதி இழந்து தவிப்பது கல்யாணப் பெண் மட்டுமா? துணையை இழந்து, தூக்கம் வராமல், நாளை எப்படி என்று தெரியாமல் கிடக்கிறவளுக்கு அந்தக் குளிர்ச்சி இரண்டு மடங்கு தேவை. அவர்கள் காரணம் உண்மையானால் அவளுக்குத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டார்கள் என்பதே, குளிர்ச்சிக் கதை பின்னால் ஒட்டவைத்த கதை என்பதற்குச் சாட்சி.

துக்கத்தில் இருப்பவள் அலங்காரத்தைத் தள்ளி வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. துக்கத்துக்கும் ஒரு மரியாதை வேண்டும். அதற்கு ஒரு முடிவு உண்டா என்பதுதான் கேள்வி. இஸ்லாத்தில் கணவனை இழந்தவள் 4 மாதம் 10 நாள் இத்தா என்ற துக்கக் காலம் இருக்கிறாள். அந்தக் காலத்தில் கண்ணுக்கு இடும் சுர்மாவும் மருதாணியும் கிடையாது. அது முடிந்ததும் தடையும் முடிகிறது. அடுத்து வரும் பெருநாளுக்கு முந்தின இரவில் அவள் மருதாணி வைத்துக்கொள்ள மார்க்கம் குறுக்கே நிற்பதில்லை. நாள் குறித்த துக்கத்துக்கும், சாகும்வரை நீளும் தண்டனைக்கும் நடுவே இருக்கும் தூரத்தை, பக்கத்து வீட்டுத் தோழியின் கையைப் பார்த்தாவது நாம் தெரிந்துகொண்டிருக்கலாம்.

இதெல்லாம் அந்தக் காலம், இப்போது யார் பார்க்கிறார்கள் என்று சொல்பவர்கள் ஊருக்குள் போய்ப் பார்ப்பது நல்லது. விதவைகளின் மறுமணத்துக்கு 1856இலேயே சட்டம் வந்துவிட்டது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் வெளிப்படையாகப் பேசியது. அதற்கும் ஒரு நூற்றாண்டு நெருங்கும் நேரத்தில், 2023 ஆகஸ்டில், ஈரோடு மாவட்டத்தில் ஒரு பெண் விதவை என்பதற்காகக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுக்கப்படுவதாகச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. திருமண நிலையை வைத்து ஒரு பெண்ணின் மதிப்பும் அடையாளமும் குறைந்துவிடாது என்று நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்ற கிராமம், கணவன் இறந்ததும் வளையலை உடைப்பதையும் குங்குமத்தை அழிப்பதையும் இனி செய்வதில்லை என்று 2022 மே மாதம் ஊராட்சியில் தீர்மானம் போட்டது. சில நாளிலேயே மாநில அரசு மற்ற ஊராட்சிகளுக்கும் அதைப் பின்பற்றச் சொன்னது. கோயில் வாசலில் நடப்பதை நீதிமன்றம் பார்க்கும். வளையல் உடைப்பதை ஊராட்சி பார்க்கும். இரவு பத்து மணிக்கு வீட்டுக் கூடத்தில் ஒரு கிண்ணம் மருதாணி யார் பக்கம் நகர்கிறது, யாரைத் தாண்டிப் போகிறது என்பதை எந்த நீதிமன்றமும் பார்க்காது. அது நம் பொறுப்பு.

கடைசியாக வரும் வாதம்தான் மிகவும் மென்மையானது. அதனாலேயே எதிர்கொள்வதற்குக் கடினமானது. "நாங்க வேண்டாம்னு சொல்லல. அவங்களே வேண்டாங்கறாங்க." என் அத்தையும் அப்படித்தான் சொன்னாள். அவள் சொன்னது கூடத்தில், அப்பாவும் சித்தப்பாவும் இருக்கும்போது, நாத்தனார் மாமியார்கள் வந்துபோகும் பண்டிகை வீட்டில். அங்கே 'ஆமாம், வச்சு விடு' என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். மறுப்பு வரும் என்று தெரிந்து கேட்பது உபசாரம்; அதைச் சம்மதம் கேட்டதாகக் கணக்கில் வைக்க முடியாது. உண்மையாகவே வேண்டாம் என்று நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த 'வேண்டாம்' அவர்களுடையதா, ஊருடையதா என்று தெரிய வேண்டுமானால், எல்லாரும் படுத்தபின் அடுக்களையில் தனியாக, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். மறுநாள் காலை அந்தக் கையைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால், பதில் சொல்லும் வேலையை அவள்மேல் விடாமல், வைத்துவிட்டவர்களே சொல்ல வேண்டும். கல்யாணப் பெண்ணின் கையைத் திருப்பிப் பார்த்து மாப்பிள்ளையின் அன்பைப் பேசுவதையும் அதே வீட்டில், அதே வாயால் நிறுத்த வேண்டும். அதை நிறுத்தாமல் இதை மட்டும் செய்தால், அத்தைக்கு வைக்கும் மருதாணி நாம் மனமிரங்கிக் கொடுத்த சலுகையாகத்தான் இருக்கும்.